மாவுக்கட்டோட முடியுற விஷயமில்ல இது

1/ "பாத்ரூம்ல லேசா வழுக்குச்சு டாக்டர், மணிக்கட்டு உடைஞ்சிருச்சு." அம்மாவுக்கு வயசு 58. மாவுக்கட்டு போடுறோம், ஆறு வாரத்துல பிரிக்கிறோம், அனுப்பிடுறோம். ஏன் உடைஞ்சதுன்னு நீங்க கேக்குறதில்ல, நாங்களும் சொல்றதில்ல. ரெண்டுமே தப்பு.

2/ நின்ன இடத்துல விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சா, தரையை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறையும். முதல் சில வருஷங்கள்ல எலும்பு வேகமா கரையும். வலியே இருக்காது.

3/ "முட்டி வலிக்குதே, அதானே இது?" இல்லை. அது மூட்டுத் தேய்மானம். இது ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு உள்ளுக்குள்ள பலமிழக்குறது. வேற நோய்.

4/ "கால்சியம் போடுறாங்களே?" அது மட்டும் போதாது. டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழேன்னா, எலும்பு கரையுறதைக் குறைக்க வாரம் ஒருமுறை போடுற மாத்திரையே இருக்கு. சிறுநீரகம், உணவுக்குழாய் பிரச்சினை இருந்தா முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

5/ மணிக்கட்டு எச்சரிக்கை மணி. அடுத்து இடுப்பு உடைஞ்சா, பலர் பழையபடி நடக்குறதே இல்ல.

6/ "வயசானா அப்படித்தான்"னு யார் சொன்னாலும், டாக்டரே சொன்னாலும், விடாதீங்க. கட்டு பிரிக்கிற அன்னைக்குக் கேளுங்க: "கை சரியாயிடுச்சு, எலும்புக்கு என்ன வைத்தியம்?"