கேள்வித்தாள் யார் கையில்?

"அமெரிக்காதான் பிலிப்பைன்ஸுக்குப் படிப்படியா சுயாட்சி கத்துக் கொடுத்துச்சு"ன்னு எங்கேயாவது படிச்சிருப்பீங்க. நண்பர்களே, வருஷங்களைக் கொஞ்சம் வரிசையா வெச்சுப் பாருங்க.

1898 டிசம்பரில் ஸ்பெயின் 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு அந்தத் தீவுகளை அமெரிக்காவிடம் கொடுத்தது. 1899 ஜனவரியில் பிலிப்பினோ மக்கள் மலோலோஸ் நகரில் தங்கள் சொந்த அரசியலமைப்போடு குடியரசை அறிவித்தார்கள். அகினால்டோ ஜனாதிபதி. அடுத்த மாதமே போர்! இருந்த குடியரசை நசுக்கிட்டு, "ஆளறது எப்படின்னு நாங்க சொல்லித் தர்றோம்"னா எப்படி?

அப்புறம் எல்லாமே தவணைதான். 1907ல் சட்டசபைத் தேர்தல் வந்தது. ஓட்டு ஆண்களுக்கு மட்டும். அதுவும் சொத்து, ஆங்கில அல்லது ஸ்பானிய எழுத்தறிவு என்று நிபந்தனைகளோடு. சட்டசபைக்கு மேலே அமெரிக்கர்கள் அதிகம் இருந்த கமிஷன். அப்படியும் உடனடி விடுதலை கேட்ட கட்சிதான் ஜெயித்தது.

1916 ஜோன்ஸ் சட்டம், "நிலையான அரசு அமைந்ததும் விடுதலை" என்றது. நிலையானதா இல்லையான்னு யார் முடிவு பண்றது? அமெரிக்காதான். 1934ல்தான் பத்து வருடக் கெடு வந்தது. அதற்கும் பிலிப்பைன்ஸ் சர்க்கரையின் போட்டியை விரும்பாத அமெரிக்க விவசாயிகளின் நெருக்கடி ஒரு காரணம். விடுதலை கிடைத்தது 1946 ஜூலை 4ல்.

பள்ளிகள் வந்தன, தேர்தல்கள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனா "இன்னும் தகுதி வரலை"ன்னு ஒரு மக்களைப் பார்த்து யாராவது சொன்னா, கேள்வித்தாளும் பாஸ் மார்க்கும் யார் கையில இருக்குன்னு முதல்ல கேளுங்க.