விதைக்கு எந்தக் காய்?

ஒரே பாத்தியில் நட்ட கத்தரிச் செடிகள்தான். ஆனால் ஒன்று கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. பக்கத்துச் செடி நாலு காயோடு ஓய்ந்துவிடுகிறது. நாட்டு விதையில் இந்த வேற்றுமை உண்டு. அதுவே அதன் செல்வம்!

1965-ல் தொடங்கிய மதுரை விவசாயக் கல்லூரி என்ன செய்தது? கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியில் நல்ல செடியைப் பொறுக்கியது. அதன் விதையைத் தனியே விதைத்து, அந்த வழியையே வளர்த்தது. அப்படிப் பிறந்ததுதான் 'எம்.டி.யு. 1' கத்தரி. உருண்டைக் காய், ஊதா நிறம், விதை குறைவு. எண்ணெய்க் கத்தரிக்காய் வைப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கல்லூரி புதிதாக எதையும் படைக்கவில்லை. ஊரில் இருந்ததிலிருந்து பொறுக்கியது. ஊர் விதை அழிந்திருந்தால் எதைப் பொறுக்குவது?

நல்ல காயையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சூம்பிப்போன கடைசிக் காயை விதைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது பெருந்தவறு. நோயில்லாமல் நிறையக் காய்த்த செடிகளில்தான் காயை மஞ்சளாகப் பழுக்க விடவேண்டும். ஒரு செடி போதாது. பல செடிகளில் எடுக்கவேண்டும்.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதைக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் பிள்ளைகள் தாயைப்போல இருப்பதில்லை.