மருத்துவமனையில் வளரிளம் பருவத்தினர்: நலமடைந்ததை அளப்பது எப்படி?

பெங்களூரு: மனநல மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் சிறார் எத்தனை நாள் தங்கியுள்ளனர் என்பதைச் சட்டம் கண்காணிக்கிறது. ஆனால், அவர்கள் எந்த அளவு நலமடைந்தனர் என்பதை அளக்கும் முறை எதையும் சிறார் அனுமதி குறித்த பிரிவு வரையறுக்கவில்லை.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிமான்ஸ்) 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் மிகச் சிலருக்கே உள்நோயாளி சிகிச்சை தேவைப்படும். எனினும், தமது விருப்பத்துக்கு மாறாகவும் சேர்க்கப்படக்கூடியவர்கள் என்பதால், அவர்கள் மீதான பொறுப்பு பெரிது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 87ஆவது பிரிவு இதற்குச் சில காப்புகளை வழங்குகிறது. சிறாரை அனுமதித்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதி 30 நாள்களைக் கடந்தால் வாரியம் கட்டாய மறுஆய்வு செய்ய வேண்டும். பெரியவர்களிடமிருந்து தனி இடம் அளிக்க வேண்டும்.

இவை உரிமையைக் காக்கின்றன. சிகிச்சையின் பலனைச் சொல்வதில்லை. வார்டில் சச்சரவு குறைந்தது என்பதும் முழுச் சான்றாகாது. கடும் கண்காணிப்பாலோ மருந்தின் மயக்கத்தாலோகூடச் சிறுவன் அமைதியாக இருக்கலாம்.

பிரிட்டனில் உருவான 'ஹோனோஸ்கா' அளவுகோல், ஆக்ரோஷம், தன்னைத்தானே காயப்படுத்துதல், நண்பர் உறவு, குடும்பச் சூழல், பள்ளி வருகை உள்ளிட்ட 13 அம்சங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் அளிக்கிறது. சேரும்போதும் வீடு திரும்பும்போதும் மதிப்பிட்டால் மாற்றம் தெரியும். மருத்துவர் மட்டுமின்றி, சிறாரும் பெற்றோரும் நிரப்பும் படிவங்களும் இதில் உண்டு.

இந்தியாவுக்கு இதில் ஒரு சாதகம் உள்ளது. சிகிச்சைக் காலம் முழுவதும் நியமனப் பிரதிநிதி அல்லது அவர் அமர்த்தும் உதவியாளர் சிறாருடன் தங்க வேண்டும் என்பது சட்ட விதி. உடனிருந்து பார்ப்பவரின் மதிப்பீட்டை எளிதில் பெறலாம்.

30 நாள் மறுஆய்வின்போது இம்மதிப்பெண்களும் வாரியத்தின் முன் வைக்கப்பட்டால், 'அனுமதி சட்டப்படி சரியா' என்ற கேள்வியுடன் 'அனுமதியால் பலன் உண்டா' என்ற கேள்வியும் எழும். வீடு திரும்பிய சில மாதங்களில் மீண்டும் மதிப்பிடுவதும் அவசியம். வார்டில் கிடைத்த முன்னேற்றம் வகுப்பறையிலும் நிலைத்ததா என்பதே பெற்றோர் அறிய விரும்பும் விடை.