240 ரிங்கிட் மனைவி

ஏப்ரல் மாதம் வந்தால் சம்பளக்காரர்கள் பிஇ பாரத்தை நிரப்ப உட்காருகிறோம். வருமானமில்லாத மனைவிக்கு அதில் 4,000 ரிங்கிட் கழிவு உண்டு. 6 விழுக்காடு வரி கட்டும் படியில் இருக்கும் ஆணுக்கு இதில் மிச்சம் 240 ரிங்கிட்.

சரி, யார் மனைவி? 1967 வருமான வரிச் சட்டம் தாராளமாகவே பதில் சொல்கிறது. சடங்கு நடந்ததோ இல்லையோ, சட்டத்தாலோ வழக்கத்தாலோ ஒருவனின் மனைவியாகக் கருதப்படுகிறவள் மனைவி. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, 'ரோம்' பண்ணாமலேயே இருபது வருஷம் குடும்பம் நடத்துகிறவளுக்கும் இந்த வரையறையில் இடம் இருக்கிறது.

திருமணச் சட்டத்திடம் போனால் கதை வேறு. 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிவாக வேண்டும். பதியாத சடங்குக் கல்யாணம் செல்லுமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகளே ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே உயில் எழுதாமல் புருஷன் செத்துப்போனால், 1958 சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் முன்னால் 'நான்தான் பொண்டாட்டி' என்று அவள் வழக்காட வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் தானாக ஏறாது; இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். குடியுரிமையில் அந்தப் பிள்ளைக்குத் தாய் மட்டும்தான் கணக்கு. தாய்க்கு ஐசி இல்லையென்றால், அப்பாவின் நீல ஐசி பிள்ளைக்கு உதவாது.

கவனியுங்கள்: ஆணின் பைக்குள் போகும் 240 ரிங்கிட்டுக்கு வழக்கமே போதும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சேர வேண்டியதற்கு முத்திரை வேண்டும். இதை வெறும் சட்டக் குழப்பம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

"அப்புறம் பண்ணிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். மண்டபத்துக்கும் கேட்டரிங்குக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டும் குடும்பங்கள் ஒரு கையெழுத்துக்கு நாள் பார்க்கின்றன. பல கோயில்களில் துணைப் பதிவாளரே இருக்கிறார். பதியாத ஜோடிக்கு மணமேடை இல்லை என்று எல்லாக் கோயில் நிர்வாகங்களும் ஏன் சொல்லக்கூடாது?

நம் இலக்கிய நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. 'அன்புக்கு எதற்குக் காகிதம்?' என்று நாம் கவிதை எழுதுகிறோம். சேர்ந்து வாழ்வது உங்கள் விருப்பம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சம்பளம், ஐசி, தன் பெயரில் வீடு எல்லாம் உள்ளவருக்குத்தான் காகிதம் அலட்சியம். தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த பெண்ணுக்கு அந்தக் காகிதம்தான் பிடிமானம்.

பதிவு செய்யச் சொல்வது நம் வேலை. அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது இன்னொன்று: வரிக்கு ஏற்றுக்கொள்ளும் அதே மனைவியை, புருஷனின் சாவுக்குப் பிறகும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதென்றால், அந்த 4,000 ரிங்கிட் கழிவுக்கு மட்டும் அவளை மனைவி என்று எழுதாதீர்கள்.