படிக்காத பேப்பரை மேற்கோள் காட்டின கதை

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என்னோட எம்.ஃபில். ஆய்வேட்டின் கடைசியில் எழுபத்துச் சொச்சம் கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருந்தேன். அதுல முழுசாப் படிச்சது முப்பதுகூடத் தேறாது. மிச்சத்துக்கெல்லாம் சுருக்கத்தை மட்டும் படிச்சுட்டு, "இன்னார் இவ்வாறு கூறுகிறார்"னு எழுதிட்டேன்.

சோம்பேறித்தனம் இல்லீங்க (கொஞ்சம் இருந்துச்சு, சரி). எங்க காலேஜ் லைப்ரரிக்கு அந்த ஜர்னல் எதுவும் வராது. நெட்ல போய்த் தேடினா, முப்பது டாலர் கட்டுன்னு வந்து நிக்கும். ஒரே ஒரு பேப்பருக்கு! அப்போ என் ஹாஸ்டல் மெஸ் பில்லே மாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வைவா அன்னிக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பட்டியல்ல ஒரு பேப்பர் மேல விரலை வச்சு, "இதுல எத்தனை கிணத்துல தண்ணி எடுத்தாங்க?"ன்னார். நான் ஃபேனைப் பார்த்தேன். "அப்ஸ்ட்ராக்ட்தான் படிச்சேன் சார்"னு கடைசியில உண்மையைச் சொன்னேன். மனுஷன் சிரிச்சுட்டு, "பரவால்ல, எல்லாரும் அதைத்தான் பண்றாங்க"ன்னு விட்டுட்டார். பாஸ் ஆயிட்டேன். ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துது.

இந்தப் பழைய கதை இப்போ எதுக்குன்னா, ஓப்பன் ஆக்சஸ் பத்தி யார் பேசினாலும் முதல் வரியிலேயே வர்ற வாதம் ஒண்ணு இருக்கு. "கட்டுரையை இலவசமா வச்சா மேற்கோள் கூடும்." விஞ்ஞானிங்களுக்கு ஆசை காட்டுற வாதம். அது உண்மையா?

இந்தப் பேச்சுக்குப் பெரிய வேகம் கொடுத்தவர் ஸ்டீவ் லாரன்ஸ். 2001ல நேச்சர் இதழ்ல எழுதினார். கணினித் துறை மாநாட்டுக் கட்டுரைகள் 1,19,924ஐ எடுத்து எண்ணிப் பார்த்தார். நெட்ல கிடைக்காத கட்டுரைக்குச் சராசரியா 2.74 மேற்கோள். இலவசமா கிடைக்கிறதுக்கு 7.03. அடேங்கப்பா!

ஆனா உடனே ஒரு கேள்வி வரும். நல்லா எழுதுறவன்தான் தன் பேப்பரை ஆசையா நெட்ல போடுவான். அப்போ மேற்கோள் கூடினது இலவசத்தாலயா, சரக்காலயா?

இதைச் சோதிக்க ஃபிலிப் டேவிஸும் கூட்டாளிகளும் செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சது. மருந்தைச் சோதிக்கிற மாதிரி குலுக்கல் முறை. அமெரிக்க உடலியல் கழகத்தோட 11 ஜர்னல்கள்ல 2007 தொடக்கத்தில் வந்த 1,619 கட்டுரைகள். அதுல 247ஐ மட்டும் குலுக்கல்ல தேர்ந்தெடுத்துத் திறந்து விட்டாங்க. 2008ல பிஎம்ஜே இதழ்ல முடிவு வந்துச்சு. திறந்து வச்சதை முழுசா டவுன்லோட் செஞ்சது 89 சதவீதம் அதிகம். மேற்கோள்? முதல் வருஷத்துல, திறந்ததுல 59 சதவீதக் கட்டுரைகளுக்குக் கிடைச்சது, பூட்டினதுல 63 சதவீதத்துக்கு. கூடவே இல்லை! 2011ல 36 ஜர்னல்கள், மூணு வருஷம்னு பெரிசா செஞ்சு பார்த்தப்பவும் இதே கதைதான்.

எதிர்த் தரப்பும் சும்மா இல்லை. 2010ல ஸ்டீவன் ஹார்னாட் குழு, நிறுவனமே கட்டாயப்படுத்தி இலவசமா போட வச்ச கட்டுரைகளை ஆராய்ஞ்சு, அதுக்கும் மேற்கோள் கூடுதுன்னு காட்டினாங்க. 2021ல இதுவரை வந்த 134 ஆய்வுகளை மொத்தமா அலசினாங்க. "கூடுது"ன்னவை 64, "இல்லை"ன்னவை 37, "சில இடத்துல மட்டும்"னவை 32, எதுவும் சொல்ல முடியாதது ஒண்ணு. இருபது வருஷப் பஞ்சாயத்து, தீர்ப்பு இன்னும் இழுபறி.

இங்கதான் என் வைவா கதை உதவுது. பூட்டின பேப்பருக்கும் மேற்கோள் எப்படிக் குறையாம வருது? மேற்கோள் காட்டுறவங்கள்ல பாதிப்பேர் வசதியான பல்கலைக்கழகத்துல இருக்காங்க, சந்தா இருக்கு. மிச்சப் பேர் நான் செஞ்சதைச் செய்றாங்க. அதாவது மேற்கோள் எண்ணிக்கை, யார் படிச்சாங்கன்னு காட்டுற அளவுகோலே இல்லை.

அப்போ அந்த 89 சதவீதக் கூடுதல் டவுன்லோட் யாரு? படிச்சவங்க, ஆனா பேப்பர் எழுதாதவங்க. டாக்டர், நர்ஸ், வாத்தியார், நோயாளியோட மகன்...

எனக்கே தெரிஞ்ச ஒருத்தரைச் சொல்றேன். தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்து ஸ்கூல் வாத்தியார். நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகமா இருக்கிற ஊருங்க. ஒகேனக்கல் தண்ணி வராத நாள்ல ஸ்கூல் போர் தண்ணிதான். "எங்க ஊர்ல யாரோ வந்து பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டுப் போனாங்க. ரிசல்ட் என்னாச்சுன்னு பார்த்துச் சொல்றீங்களா?"ன்னு போன் பண்ணார். தேடினேன். பேப்பர் வந்திருந்துச்சு, பூட்டோட. சுருக்கத்துல மாவட்டத்துக்கு மொத்தமா ஒரு கணக்கு. ஊர் ஊரா இருக்கிற அட்டவணை உள்ளே. எழுதினவருக்கு மெயில் போட்டேன், ரெண்டே நாள்ல அனுப்பிட்டார், புண்ணியவான். வாத்தியாரோட ஊர் இருந்துச்சு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்ங்கிற எல்லையைத் தாண்டி.

அவர் கிணத்துத் தண்ணி, அவர் ஊர்ப் பிள்ளைங்க பல்லு, முடிவு மட்டும் அவருக்குக் கிடைக்காது. இந்த வாத்தியார் அந்தப் பேப்பரை எங்கேயும் மேற்கோள் காட்டப்போறதில்லை. அதனால அவர் எந்தக் கணக்குலயும் வரமாட்டார்.

இப்போ அரசாங்கம் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் கொண்டு வந்திருக்கு. 2024 நவம்பர்ல அமைச்சரவை ஒப்புதல், மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களோட சுமார் 13,000 ஜர்னல்கள். நல்ல விஷயம்தான், அரசுக் கல்லூரிப் பசங்க என்னை மாதிரி ஃபேனைப் பார்க்க வேண்டாம். ஆனா வாத்தியார் அதுக்குள்ள வரமாட்டார். இது சாவியை இன்னும் சில பேருக்குக் கொடுக்கிறது, பூட்டை எடுக்கிறது இல்லை.

இன்னொரு பக்கம், படிக்கிறவனுக்கு இலவசம்னு சொல்லிட்டு எழுதுறவன்கிட்ட வசூல் பண்றாங்க. நேச்சர் இதழ் 2020ல அறிவிச்ச கட்டணம் 9,500 யூரோ. நம்ம ஊர் ஆராய்ச்சி மாணவன் எங்கே போவான்? காசு உள்ளவன் பேப்பர் மட்டும் திறந்திருக்கும். ஒருவேளை திறந்தா மேற்கோள் கூடும்னே வச்சுக்குவோம், அப்போ அந்தக் கூடுதலும் காசு உள்ளவனுக்குத்தான்.

பைசா செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. இயற்பியல்காரங்க 1991லிருந்து ஆர்க்கைவ் தளத்துல செய்றதுதான். நிறைய ஜர்னல்கள், ஏத்துக்கிட்ட கட்டுரையோட கடைசிக் கைப்பிரதியை ஒரு களஞ்சியத்துல போட அனுமதிக்குது, சிலது கொஞ்ச மாசம் கழிச்சு. பேராசிரியப் பெருமக்களே, அதைச் செய்யுங்க. மேற்கோள் கூடும்னு ஆசைப்பட்டு இல்ல, எந்த ஊர்ல தண்ணி எடுத்தீங்களோ அந்த ஊருக்குப் பதில் சொல்லணுமேன்னு செய்யுங்க.

டிஸ்கி: இதுல சொன்ன ஆய்வுகளையெல்லாம் முழுசாப் படிச்சீங்களான்னு கேக்குறவங்களுக்கு... இந்த முறை படிச்சேன் சார்!