ஓர் உபாத்தியாயினியின் தேசத் தொண்டு

பெண்களுக்கு அணிவகுப்பும் கூடார வாசமும் எதற்கு என்று கேட்போர் நம் நாட்டில் இன்றும் உளர். அவர்களுக்கு நாம் வாதத்தால் விடை கூறப் போவதில்லை. போலந்து தேசத்து மாதரசி ஒருவரின் வாழ்க்கையையே விடையாக வைக்கிறோம்.

ஸ்ரீமதி ஓல்கா மால்கோவ்ஸ்கா 1888-ம் ஆண்டில் கிராக்கோ நகருக்கு அண்மையில் பிறந்தார். அக்காலத்துப் பூகோளப் படத்தில் போலந்து என்றொரு ராஜ்யமே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1795-க்குள் அதை முற்றிலும் பங்கிட்டுக் கொண்டுவிட்டன. 1911-ல் ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட லுவோவ் நகரில், பேடன் பவல் துரை சிறுவருக்கென எழுதிய சாரணர் நூலை ஆண்ட்ஜெய் மால்கோவ்ஸ்கி போலிஷ் பாஷையில் ஆக்கித் தந்தார். அம்முறை சிறுமியருக்கும் உரியதே என்று கண்டு, அதே ஆண்டில் அங்கே பெண் சாரணர் படைக்குத் தலைமை பூண்டவர் ஓல்கா. 1913-ல் இருவரும் மணம் புரிந்தனர்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் ராஜ விசுவாசத்தைப் போதித்த அதே சாரணீயம், அடிமைப்பட்ட போலந்தில் சுதந்திர வாழ்வுக்குப் பயிற்சியாயிற்று. கருவி ஒன்றே, ஏந்திய கை வேறு.

1918-ல் போலந்து விடுதலை பெற்றது. 1919 ஜனவரியில் கடலில் நேர்ந்த கப்பல் விபத்தில் கணவர் மாண்டார். சிறு மகனோடு தனித்து நின்ற அம்மையார் துக்கத்தில் ஒடுங்கிவிடவில்லை. தாயகம் திரும்பி, பியெனினி மலைச்சாரலில் ஸ்ரோமோவ்ச்சே என்னும் கிராமத்தில் பள்ளி நிறுவினார். 1932-ல் உலகப் பெண் சாரணர் மகாநாடு போலந்திலேயே கூடிற்று. படத்தில் இடமற்றிருந்த நாடு உலகப் பெண்களை வரவேற்ற பெருமையில் இவ்வுபாத்தியாயினிக்கும் பங்குண்டு.

1939-ல் மீண்டும் அந்நியப் படை புகுந்தது. அம்மையார் இங்கிலாந்து சேர்ந்து, டெவன் மாகாணத்தில் போலிஷ் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தினார். 1961-ல் தாயகம் மீண்டு, 1979-ல் தமது தொண்ணூறாம் வயதில் ஸாக்கோபானே நகரில் காலமானார்.

இருபத்தொரு ஆண்டுகளில் போலந்து பெற்றதை இழந்தது. சுதந்திரம் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று; தலைமுறைதோறும் பயின்று காக்க வேண்டியது என்பதே இதன் பாடம். அதனாலன்றோ அம்மையார் விடுதலைக்கு முன்னும் பின்னும், அகதி வாழ்விலும், குழந்தைகளை ஆளாக்கும் பணியைக் கைவிடவில்லை?

ஆகவே, பெண் சாரணர் படையைப் பிரமுகர்களை வரவேற்கும் அலங்கார வரிசையாக்குவது தகாது என்பது நமது துணிபு. காயத்துக்குக் கட்டுப் போடவும், காட்டில் வழி காணவும், வெள்ளத்தில் அயலாரைக் காக்கவும் நம் பெண்கள் கற்கட்டும். பரீட்சையில் தேறுவது மட்டும் கல்வியாகாது. பெற்றோரும் பள்ளித் தலைவர்களும் இதைச் சிந்திப்பார்களாக.