குருதியில் ஓடுவதன்று மொழி

"தமிழ் எங்கள் குருதியில் ஓடுகிறது!" தேக்கா வட்டாரத்து விழா மேடைகளில் இம்முழக்கத்தைக் கேட்டு அலுத்துவிட்டேன். வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலம் மட்டுமே பேசுவோரும் இதற்குக் கைதட்டுகின்றனர். இம்முழக்கம் பொய் என்பேன். சான்று வேண்டுவோர் திமிங்கிலங்களைப் பாருங்கள்.

1996இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இரண்டே கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மேற்குக் கரைப் பாட்டைப் பாடின. 1998க்குள் கிழக்குக் கரை ஆண் திமிங்கிலங்கள் யாவும் பழம்பாட்டைக் கைவிட்டுப் புதியதையே பாடின. பின்னாளில் இத்தகைய பாட்டுகள் தென் பசிபிக்கில் கிழக்கு நோக்கிப் பரவி, பிரெஞ்சுப் பாலினீசியா வரை சென்றதையும் ஆய்வாளர் பதிந்துள்ளனர். குருதி மாறவில்லை, பாட்டு மாறிற்று. எது காதில் விழுந்ததோ அதுவே நிலைத்தது.

"ஐந்தறிவு விலங்கோடு தமிழரை ஒப்பிடுவதா?" எனச் சினப்பீர்கள். தொல்காப்பிய மரபியலை இளம்பூரணர் பாடத்தோடு படியுங்கள். ஒருசார் விலங்குகளையும் அது ஆறறிவு வரிசையில் சேர்க்கிறது.

பலமொழிச் சூழலே தமிழைக் கெடுத்தது என்பது அடுத்த சாக்கு. 2015 ஜூலை 10 அன்று ஜூரோங் தீவருகே 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. 'ஜூபி லீ' எனப் பெயரிடப்பட்ட அதன் எலும்புக்கூடு லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளது. அவ்வினத்தின் குலங்கள் வெவ்வேறு 'டிக் டிக்' ஒலிக் கோவைகளால் பேசுகின்றன. பசிபிக்கில் பல குலங்கள் ஒரே நீரில் வாழ்ந்தும் தத்தம் வழக்கை இழக்கவில்லை. ஏன்? தாயும் உறவினரும் தம்முள் நாள்தோறும் அதையே பேசுகின்றனர். குட்டி கேட்டுக் கற்கிறது.

நம் நிலை என்ன? சிங்கப்பூரில் வீட்டில் மிகுதியாகத் தமிழே பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. குருதி குறைந்தா போயிற்று? பேச்சன்றோ குறைந்தது!

வாரத்தில் சில மணி நேரம் வகுப்பறையில் நான் கற்பிப்பது ஒரு மொழியைக் காக்கப் போதாது. ஆசிரியர் சரியில்லை, பாடநூல் கடினம் என்று எங்களைக் குறைகூறுமுன் பெற்றோர் ஒன்று செய்யட்டும்: இன்றிரவு உணவு வேளையில் பிள்ளையிடம் தமிழில் பேசட்டும். நாளையும் பேசட்டும். அதன்பின் மேடைக்கு வந்து முழங்கட்டும், நானும் கைதட்டுகிறேன்.